விளக்குக் கரி படிந்த மூடி

என் நாத்தனாருக்குக் காது மந்தம். வீட்டுக்காரர் தன் அக்காவோடு போனில் பேசினால் ஆழ்வார்திருநகரியில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும். நான் மாத்திரை முழுங்காத கதை ஊருக்குத் தெரிந்தது அப்படித்தான். "அவ எங்க ஒழுங்கா முழுங்குதா, அக்கா? முழுங்குனா ஏன் கொறைய மாட்டேங்கு?" என்று அவர் முன்னறையில் கத்துவார். உள்ளே நான் அன்றைய மாத்திரையை முழுங்கிவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருப்பேன். யாரிடம் போய்ச் சொல்ல?

எனக்குத் தைராய்டு குறைவு. கழுத்தில் இருக்கும் சுரப்பி சோம்பிப்போனால் ஆளே சோம்பிப்போகிறாள், அவ்வளவுதான் விஷயம். சித்திரை வெயிலில் ஊரே தவித்துக் கிடக்கும்போது எனக்கு மட்டும் கால் சில்லிட்டுப் போகும். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரும். சோற்றை வடித்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து நிற்பேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறேன்; கரும்பலகையில் பாதிக் கணக்கிலேயே கை தானாகக் கீழே இறங்கிவிடும். பிள்ளைகள் என்னைப் பார்ப்பார்கள். நான் நாற்காலியைப் பார்ப்பேன்.

ஊர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சின்ன அளவில் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ரத்தத்தில் டி.எஸ்.எச். என்று ஒன்று பார்க்கிறார்கள். அது ஏறிக் கிடந்தால் நமக்கு இறங்குமுகம். மறுபடி சோதித்தபோது அது கொஞ்சமும் குறையவில்லை. டாக்டர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"தெனமும் வெறும் வயித்துல சாப்பிடுதீங்களா?"

"ஆமா சார்."

"விட்டு விட்டுச் சாப்பிட்டாத்தான் இப்படிக் காட்டும்."

கூட வந்திருந்த வீட்டுக்காரர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். கடையில் எதையோ எடுத்து மடியில் ஒளித்தவளைப் பார்க்கிற பார்வை. வியாதியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, அடுப்பங்கரையில் இருந்த மாத்திரைப் புட்டியை எடுத்துப் பூசை அலமாரியில் வைத்ததுதான். திருச்செந்தூர் முருகன் படத்துக்கு முன்னால், காமாட்சி விளக்குக்குப் பக்கத்தில். "செந்தூரான் முன்னால பொய் சொல்ல ஒனக்கு வாய் வராதுல்லா? இங்கன நின்னு முழுங்கு" என்றார். எங்கள் பக்கத்தில் கொடுக்கல் வாங்கல் தகராறு வந்தால் விளக்கை ஏற்றி, அதற்கு முன்னால் நின்று சத்தியம் பண்ணச் சொல்வார்கள். பொய்ச் சத்தியம் பண்ணினால் குடும்பம் விளங்காது என்று பயம். ஒரு மாத்திரைக்காக அந்த இடத்தில் என்னை நிறுத்தினார் மனுஷன்.

நின்றேன். வேறென்ன செய்ய? சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. விடிந்ததும் குளித்து, விளக்கேற்றி, புட்டியைத் திறந்து, முருகனைப் பார்த்து ஒன்றை வாயில் போடுவேன். சாயங்காலமும் விளக்கு எரியும். அது சுவருக்குள் பதித்த சின்ன மர அலமாரி. காற்றுக்கு விளக்கு அணைந்துவிடாமல் இருக்கக் கதவை ஒருக்களித்தே வைப்போம். உள்ளே கையை விட்டால் அனலடிக்கும்.

டி.எஸ்.எச். இன்னும் ஏறியது. டாக்டர் அளவைக் கூட்டினார். அப்புறம் மறுபடியும் கூட்டினார். ஒவ்வொரு தடவையும் புதுப் புட்டி வந்து முருகனுக்கு முன்னால் உட்கார்ந்தது. முகம் வீங்கியது, தொண்டை கரகரத்தது. மல்லித் தண்ணி குடி, முட்டைக்கோஸைத் தொடாதே என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது சும்மாவா? பொங்கலுக்கு வந்த நாத்தனார் என் காதுபடவே சொன்னாள்: "வேலக்கள்ளிக்குப் பிள்ள சாக்குன்னுவாக. இப்பம் தைராய்டு சாக்குல்லா." அவளுக்குத்தான் காது மந்தம், எனக்கு நன்றாகவே கேட்கும்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, பாளையங்கோட்டையில் சுரப்பிகளுக்கென்றே படித்த டாக்டரம்மா இருக்கிறார் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன். "எந்த டாக்டரும் மாத்திரையத்தான் எழுதித் தருவாவ. முழுங்க வேண்டியது யாரு?" என்று வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். புட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

பஸ்ஸில் திருச்செந்தூர் போய்விட்டுத் திரும்பும் கூட்டம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து என் தோளிலேயே தூங்கிப்போனார். தள்ளிவிடத் தோன்றவில்லை. நானும் சாய்ந்துகொள்ள ஒரு தோள் கிடைக்காதா என்றிருந்தது. ஸ்ரீவைகுண்டம் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது கீழே ஆற்றைப் பார்த்தேன். இந்த அம்மாவும் நம்பவில்லை என்றால் இனி யாரிடமும் போவதில்லை, மாத்திரையையும் விட்டுவிடுவது என்று முடிவு பண்ணினேன். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

டாக்டரம்மா என்னைவிட இளையவர். அவர் வாயைத் திறக்கும் முன்னால் நான் ஆரம்பித்துவிட்டேன். "டாக்டரம்மா, நான் தெனமும் மாத்திரை முழுங்குதேன். ஒரு நாள்கூட விட்டதில்ல. நம்பினா வைத்தியம் பாருங்க. நம்பாட்டா இப்பமே சொல்லிருங்க, நான் போயிருதேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நம்புதேன். பைய உக்காருங்க. புட்டியக் கொண்டாந்திருக்கீங்களா?"

இவ்வளவுதான் கேட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டே புட்டியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் கையில் வாங்கியதும் விரலைப் பார்த்தார். விரல் நுனி கறுத்திருந்தது.

"மூடியில என்னம்மா கறுப்பா இருக்கு?"

"விளக்குக் கரி."

"விளக்குக் கரியா? இத எங்கன வச்சிருக்கீங்க?"

சொன்னேன். முருகன், விளக்கு, ஒருக்களித்த கதவு, சத்தியம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தைராய்டு மாத்திரைக்குச் சூடு ஆகாது, மாதக்கணக்கில் அனலில் இருந்தால் வீரியம் போய்விடும் என்றார். "இது மட்டுந்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். வேற ஏதும் கோளாறு இருக்கான்னும் பாத்திருவோம். ஆனா நீங்க முழுங்கினதுல மருந்து எவ்வளவு மிச்சம் இருந்துச்சோ, யாருக்குத் தெரியும்?"

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இரும்புச்சத்தும் குறைவாக இருந்தது. அதற்குத் தனி மாத்திரை, அதை ராத்திரிதான் போட வேண்டும், இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று கெடுக்கும் என்றார். தைராய்டு மாத்திரையின் அளவை என் எடைக்குத் தக்கபடி குறைத்து எழுதினார். வீரியமுள்ள மாத்திரையை இத்தனை பெரிய அளவில் போட்டால் நெஞ்சு படபடக்குமாம். புதுப் புட்டியைச் சேலை பீரோவில் வைத்தேன். வீட்டுக்காரரிடம் விவரம் சொன்னதற்கு, "விளக்குச் சூட்டுக்கு மருந்து கெட்டுப்போச்சாக்கும்! நல்லாத்தான் நீ கத கட்டுத" என்றார்.

ஒன்றரை மாதம் கழித்து டி.எஸ்.எச். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அவர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். "பாத்தியா? ஒழுங்கா முழுங்குனாக் கொறையும்னு அன்னைக்கே சொன்னம்லா!"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பழைய புட்டியைத் தேடி எடுத்துவந்து, அந்தக் கரி மூடியோடு முருகனுக்கு முன்னால் டக்கென்று வைத்தேன். "என்னய நம்ப வேண்டாம். சாட்சிக்கு ஒருத்தர வச்சீங்கல்லா, அவருட்ட கேளுங்க. தெனமும் பாத்துக்கிட்டுத்தான இருந்தாரு!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன். அந்த ஒரு சத்தத்துக்கே எனக்கு மூச்சு வாங்கியது.

பூசை அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. புட்டியைத் தொட்டுப் பார்த்தாரோ, சும்மா நின்றாரோ, தெரியாது. பிறகு போன் மணி அடித்தது. நாத்தனார்தான்.

அவர் தணிந்த குரலில் என்னவோ சொன்னார். அந்தப் பக்கம் கேட்கவில்லை போலிருக்கிறது. மறுபடி சொன்னார். அப்போதும் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் தெருவுக்கே கேட்கக் கத்தினார்: "அவ முழுங்கிக்கிட்டுத்தாங்க்கா இருந்தா! அப்பமும் தெனமும் முழுங்கிக்கிட்டுத்தான் இருந்தா! நாந்தான் விளக்குப் பக்கத்துல வச்சிக் கெடுத்துட்டேன்!"

எழுந்து போய் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் ஆசை. உடம்பு கேட்கவில்லை. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.