பத்தடி தள்ளி

கார்கில் சண்டையில் தோளில் குண்டு பட்டு, பட்டாளத்தை விட்டே வந்துவிட்டார் என் வீட்டுக்காரர். காரவள்ளியில் எங்கள் காட்டில் நின்றால் எதிரே மலைதான். கடலைக்குக் களை வெட்டும்போது மலையைப் பார்த்தே வெட்டிக்கொண்டு போவார். வரப்பு வந்ததும் நாங்கள் திரும்பி வெட்டிக்கொண்டு வருவோம். அவர் மட்டும் திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து வந்து மறுபடி தொடங்குவார். மலைக்கு முதுகைக் காட்டவே மாட்டார்.

"ஏனுங்க மாப்ள, மலை எங்கயாச்சும் ஓடிப் போயிருமா?" என்று பக்கத்துக் காட்டுக்காரர் கேலி செய்தார்.

"உங்க களைய நீங்க வெட்டுங்க" என்று நான்தான் எரிந்து விழுந்தேன். கார்கிலில் மலை உச்சியில் இருந்துதான் சுட்டார்களாம். அவ்வளவுதான் என்னிடம் சொல்லியிருந்தார்.

எனக்கோ வேலை செம்மேட்டில், சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்ட். தினமும் பஸ் ஏறி அந்த மலைக்குத்தான் போக வேண்டும். "வேலைய உட்டுரு புள்ள" என்று சாப்பிட உட்கார்ந்தாலே கெஞ்சுவார்.

"மேல குரங்குதானுங்க இருக்குது" என்பேன். கோபமாக வரும். அந்த முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும். ஆசைப்பட்டு வாங்கிய வேலை. ஆனாலும் நான் திரும்பி வரும்வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் ரோட்டிலேயே நிற்கிற மனுசனை என்ன செய்வது? அந்த மாசத்தோடு விட்டுவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

அப்போதுதான் ஒரு மழை நாளில், சாயங்காலம் இறங்கிய பஸ் மரம் விழுந்து வழியில் நின்றுவிட்டது. அடிவாரத்துக்கு இன்னும் சில வளைவுகள்தான். இறங்கிப் பார்த்தால், தொப்பலாக நனைந்து, பாறையை ஒட்டி ஒட்டி மேலே ஏறி வருகிறார் அவர். மலைப் பக்கம் தலை வைத்தே படுக்காதவர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கூட நடந்து குடையைப் பிடித்தேன். "தள்ளி வா புள்ள. பத்தடி தள்ளி வா" என்றார்.

"நனையறீங்களே, குடைக்குள்ள வாங்க."

"சொன்னாக் கேளு. ஒட்டி நடந்தா ஒரே சூட்டுல ரெண்டு பேரும் போயிருவோம். என்னை ஒட்டி வந்தவன் அப்படித்தான் போனான்."

எல்லாவற்றுக்கும் எதிர்ப்பேச்சுப் பேசுகிறவள் நான். அன்றைக்கு அவர் சொன்னபடி பத்தடி விட்டே நடந்தேன்.

மறுநாள் காலை நான் பஸ் ஏறினேன். பின்னாலேயே அவரும் ஏறினார். என் பக்கத்தில் இடம் இருந்தும், நாலு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்து கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, ஊட்டுக்காரருக்குக் கோவமுங்களா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க, என்மேல உசுரு" என்று சொல்லி, செம்மேட்டுக்கு ரெண்டு டிக்கெட் வாங்கினேன்.