தங்கச்சி பேத்தியின் பஞ்சு மிட்டாய்

மகள் ரயிலேறியது ஒரு சனிக்கிழமை மாலை. வேறு ஊரில் வேலை கிடைத்துப் போகிறாள். அழக்கூடாது என்று அம்மாவும் மகளும் காலையிலேயே பேசி வைத்திருந்தார்கள். ரயிலுக்குக் காத்திருந்தபோது மகள் ஒரு பஞ்சு மிட்டாய் வாங்கிப் பாதி தின்றாள். ரயில் வந்ததும், "கொஞ்சம் பிடிம்மா" என்று குச்சியை அம்மா கையில் திணித்துவிட்டுப் பெட்டிகளை ஏற்றினாள், தானும் ஏறினாள். கூட்டம் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போக, ரயில் நகர்ந்துவிட்டது. அம்மா கையசைத்தாள். மிட்டாயும் சேர்ந்து அசைந்தது.

அம்மாவுக்குக் கண்ணாடி அக்கா என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேமுக்குள் லென்ஸ் பொருத்தும் வேலை. ஐம்பது தாண்டிய பெண்மணி, ரோஸ் நிறப் பஞ்சோடு நடைமேடையில் திருதிருவென்று நின்றாள். தூக்கிப் போட மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனால் வழியிலேயே சுருங்கிவிடும். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு கிள்ளு வாயில் போட்டாள். நாக்கில் பட்டதும் காணாமல் போனது. தின்றோமா இல்லையா என்றே தெரியாததால் இன்னொரு கிள்ளு. வெறும் குச்சி மிஞ்சியபோது கன்னமெல்லாம் நனைந்திருந்தது, வாயோ இனித்துக்கொண்டிருந்தது. இது துக்கமா, சந்தோஷமா? அவளுக்கே பிடிபடவில்லை.

அடுத்த சனிக்கிழமை கால் தானாக ஸ்டேஷனுக்குப் போனது. வழியனுப்பவோ வரவேற்கவோ ஆள் இல்லை.

"பேத்திக்காம்மா?" என்றார் மிட்டாய்க்காரர்.

தலை தானாக ஆடியது. ஏன் ஆடியது என்று பஸ்ஸில் வீடு வரை யோசித்தாள். பிறகு அது வாரா வாரம் வழக்கமாகிவிட்டது. பஞ்சு மிட்டாயோடு ஜெல்லியும் குச்சி மிட்டாயும் சேர்ந்துகொண்டன. மிச்சம் இருக்கும் காற்றுப் புகாத பாக்கெட் திங்கட்கிழமை கடைக்கு வந்து, வேலை மேசையின் இழுப்பறையில் ஒளிந்துகொண்டது.

வினை அங்கேதான் வந்தது. வேலை மேசையில் தின்பண்டம் கூடாது என்பது கடையில் கல்லில் செதுக்காத குறையான சட்டம். முன்பு அந்த வேலையில் இருந்தவரை ஒரு கிளாஸ் டீக்காகவே முதலாளி வேலையைவிட்டு அனுப்பியிருந்தார். அந்த நாற்காலியில்தான் கண்ணாடி அக்கா இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் பொருத்திய கண்ணாடி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஒருநாள் பஸ் டிரைவர் ஒருவர் புதுக் கண்ணாடியோடு திரும்பி வந்தார்.

"என்னங்க இது? ஓரத்துல பார்த்தா ஊரே ரோஸ் கலர்ல தெரியுது. சிக்னல் எந்தக் கலர்ல இருக்குன்னு பக்கத்து சீட்டுப் பயணியைக் கேட்டு வண்டி ஓட்டுறேன்!"

முதலாளி பூதக்கண்ணாடியில் பார்த்தார். லென்ஸ் உட்காரும் பள்ளத்தில் பிசுபிசுவென்று சர்க்கரை. துணியால் துடைத்தால் இன்னும் பரவியது.

"அக்கா, இது யார் கை?"

அவளைவிடப் பத்து வயது இளையவர், ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டதும் இழுப்பறையை முழங்காலால் தள்ளி மூடினாள்.

"தங்கச்சி பேத்தி, தம்பி. வீட்டுக்கு வந்திருக்கா. மதியம் சாப்பாடு கொண்டு வந்தப்போ கை வச்சுட்டா போல."

தங்கச்சியா? அவள் ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவள். சொன்ன பிறகு அவளே ஒரு கணம் அந்தத் தங்கச்சியின் முகத்தைத் தேடினாள்.

முதலாளி உருகிவிட்டார். "குழந்தைதானே, விடுங்க. சனிக்கிழமை சீக்கிரமாவே கிளம்பிப் போய் அவகூட இருங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். சீக்கிரம் கிளம்பிய நேரத்திலும் ஸ்டேஷனுக்கே போனாள். தின்னத் தின்னக் குற்ற உணர்ச்சி, குற்ற உணர்ச்சியிலும் ருசி. வேலை போனாலும் போகட்டும் என்று ஒருநாள் முதலாளி முன்னாலேயே பஞ்சு மிட்டாய்ப் பாக்கெட்டைப் பிரித்து ஒரு பிடி வாயில் போட்டாள்.

"தங்கச்சியும் இல்ல, பேத்தியும் இல்ல. சனிக்கிழமை ஸ்டேஷன் மிட்டாய்க்காரர்கிட்ட வாங்கி நான்தான் தின்னேன், தம்பி."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "போங்கக்கா! சின்னப் பிள்ளைய காப்பாத்த நீங்க பழிய ஏத்துக்கிறீங்களா? இந்த வயசுல பஞ்சு மிட்டாயாம்!"

வாய் நிறைய மிட்டாயோடு அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வேறு எப்படித்தான் நிரூபிப்பது? அன்றிலிருந்து இழுப்பறையில் மட்டும் எதையும் வைப்பதில்லை. நாற்காலி தன்னுடையதா, இல்லாத ஒரு குழந்தை வாங்கிக் கொடுத்ததா என்ற குழப்பத்தோடே லென்ஸ்களைப் பொருத்தினாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. மகள் லீவில் வந்தாள். அம்மா லீவு போட்டு வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தபோது, மகள் தன் கண்ணாடியில் திருகாணி கழன்றதென்று அம்மாவின் கடைக்குப் போனாள். சற்று நேரத்தில் அம்மாவின் போனில் முதலாளியிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"அக்கா, உங்க பொண்ணுகிட்ட தங்கச்சி பேத்தி எப்படி இருக்கான்னு கேட்டேன். அம்மாவுக்குத் தங்கச்சியே கிடையாதேன்னு முழிக்கிறாங்க. அப்போ அன்னிக்கு நீங்க சொன்னது உண்மைதானா? கோபப்படணுமா சிரிக்கணுமான்னே தெரியல. நீங்க எப்பவும் போல திங்கட்கிழமை வேலைக்கு வந்துடுங்க. அப்புறம், அந்த ஸ்டேஷன் மிட்டாய்க்காரர் சனிக்கிழமை மட்டும்தான் வருவாரா?"