சேர்ந்து கேட்ட நிதி

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில், திருத்தணியில் நாங்கள் சிலர் ஞாயிறுதோறும் கூடி ஊராரின் பழுதான மின்விசிறி, மிக்ஸிகளை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தோம். அரக்கோணத்திலும் பள்ளிப்பட்டிலும் இதேபோல் குழுக்கள் இருந்தன. பள்ளிப்பட்டில் நடத்தியவர் என் அக்காவின் கணவர்; பாவா என்று கூப்பிடுவேன். பழையதைச் சரிசெய்தால் புதிது செய்யும் ஆலைப்புகை குறையும், அதற்குக் கம்பெனிகள் கார்பன் நிதி தரும் என்று கேள்விப்பட்டு, மூன்று குழுவும் சேர்ந்தே கேட்பதென்று முடிவுசெய்தோம். திருத்தணியில் நாங்கள் செப்புக்கம்பிச் சுருள் மாற்றிக் கட்டிய மின்விசிறிகளைக் காட்டுவதற்கென்று எடுத்துக்கொண்டு பாவா சென்னைக்குப் போனார்.

"அவங்களுக்குப் புடிக்கல, விட்டுடுங்க" என்றார் திரும்பி வந்து.

சில மாதம் கழித்து அக்காவைப் பார்க்கப் போனேன். வாசலில் நிதி தரும் சென்னைக் கம்பெனி ஆட்கள் நின்றிருந்தார்கள். எங்கள் மின்விசிறிகளைக் காட்டி, "எங்க பள்ளிப்பட்டு பசங்க செஞ்சதுங்க" என்று பாவா சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனதும் கேட்டேன். "இன்னா பாவா இது?"

"மூணு ஊருன்னா பணம் பிரிஞ்சிடும்பா. உன்ன அப்புறம் சேத்துக்கலாம்னு இருந்தேன்."

அக்கா காபியை நீட்டினாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கிறது. குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அரக்கோணத்துக்காரர்களிடம் நானே போய்ச் சொன்னேன்.

"நீயும் அவரும் ஒரே குடும்பம்தானே? உனுக்குத் தெரியாம இருக்குமா?" என்றார்கள். அதன்பின் அவர்கள் எங்களோடு சேரவே இல்லை.