மச்சானின் காற்று மெத்தை

காரை நிறுத்தியதும் மச்சான் இறங்கி வானத்தைப் பார்க்கிறார். பிறகு மரத்தை, பிறகு தரையில் கிடக்கும் நிழலை. மறுபடி ஏறி வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுக்கிறார். “நிழல் இப்ப எங்க இருக்குன்னு பாக்கக் கூடாது மாப்பிள்ளை. நாம தூங்கி எந்திரிக்கறப்ப எங்க இருக்கும்னு பாக்கணும்” என்கிறார். கிளையில் பறவை உண்டா என்றும் பார்ப்பார். கூரையில் எச்சம் விழும் சத்தத்துக்குக்கூட அவருக்கு விழிப்பு வந்துவிடுமாம். மனிதர்கள் கூப்பிட்டால் வராது.

இவர் என் மனைவியின் அண்ணன். பெயிண்ட் கம்பெனி ஒன்றின் விற்பனை அதிகாரி. கடை கடையாகப் போய் ஆர்டர் எடுப்பது உத்தியோகம். இரண்டு கடைகளுக்கு நடுவே வண்டியில் படுப்பது தொழில். கடைக்காரர்கள் அவருக்கு ‘ஸ்லீப்பர் சார்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது அவருக்குத் தெரியும். பட்டம் வாங்கியவர் போலச் சிரித்துக்கொள்கிறார்.

அந்தப் படுக்கையைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகாது. பின் இருக்கைக்கு முன்னால் கால் வைக்கும் பள்ளத்தில் காலி பெயிண்ட் வாளிகளைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். வாளிகளின் மேலும் இருக்கையின் மேலுமாக, அளவெடுத்து அறுத்த ஒரு பலகை. பலகையின் மேல் காற்று மெத்தை. மூலைக்கு மூலை படுத்தால் காலை நீட்டலாம். சிகரெட் லைட்டர் துளையில் குட்டி பம்ப்பைச் செருகினால் மெத்தை புசுபுசுவென்று எழுந்து உட்காரும். கண்ணாடிகளுக்குக் கறுப்புத் துணி. எதிரெதிர் கண்ணாடிகளில் ஒரு விரல் இடைவெளி, கொசு நுழையாமல் அந்த இடைவெளிக்கு வலை. காதில் பஞ்சு. “நாலையும் சாத்திட்டு ஏசியப் போட்டுத் தூங்கறவன் முட்டாள். ஒரு பக்கம் மட்டும் தொறந்து வெக்கறவன் அரை முட்டாள்” என்பார். முழு அறிவாளி யாரென்று நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

‘பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது’ என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “அதச் சொன்னவன் என் மெத்தைல படுத்ததில்ல” என்றார்.

வீட்டில் கட்டில் இல்லாமலில்லை. தேக்குக் கட்டில், அவர் மனைவி சீராகக் கொண்டுவந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்கூட மதியம் ஆனதும் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவார். காரணம் கேட்டால் ஒளிக்கமாட்டார். “வீட்ல படுத்தா யாராவது கூப்பிடுவாங்க மாப்பிள்ளை. கேஸ் தீந்துபோச்சும்பாங்க, புள்ளைக்குக் கணக்கு சொல்லிக் குடும்பாங்க. வண்டில படுத்தா, பாவம் அலைஞ்சுட்டு வந்திருக்காருன்னு விட்டுடுவாங்க.” இவரைவிட நேர்மையான சோம்பேறியை நான் பார்த்ததில்லை. நேர்மைக்காக மன்னிக்கலாம் என்றுதான் நானும் நெடுநாள் இருந்தேன்.

போன மாதம் அத்தை, அதாவது அவருடைய அம்மா, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரியில் அண்ணனும் தங்கையும் முறைவைத்துத் தங்குவதென்று பேச்சு. என் மனைவி தன் முறைக்கு வார்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மச்சான் தன் முறைக்கு வண்டி நிறுத்துமிடத்தில் படுத்திருந்தார். நர்ஸ் கூப்பிட்டால் போனை எடுக்கமாட்டார். ஆகவே அவர் முறைக்கும் இவளே உட்கார்ந்தாள். “நான் இங்கதான இருக்கேன்? வீட்டுக்கா போயிட்டேன்?” என்று கேட்டார். வாஸ்தவம். ஆஸ்பத்திரி எல்லைக்குள்தான் இருந்தார்.

காலையில் முகம் கழுவி, தலை சீவி, சட்டை மாற்றிக்கொண்டு மேலே வருவார். வீங்கிய கண்களோடு நிற்கும் தங்கையைப் பார்த்து, “என்னம்மா இப்படி வாடிப் போயிட்ட? ஒடம்பப் பாத்துக்க வேணாமா?” என்பார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனைவி கண்ணாலேயே அடக்குவாள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அத்தை பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம், “எம் புள்ள வீட்டுக்கே போகலைங்க. எனக்காக வண்டிலயே கெடக்கறான். வளந்த ஒடம்பு, கை கால நீட்ட முடியுமா சொல்லுங்க?” என்று மாய்ந்து போவார். மச்சான் நீட்டிப் படுத்திருக்கும் அழகைப் போட்டோ பிடித்துக் காட்டலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது. வலியில் கிடக்கும் மனுஷிக்கு இருக்கும் ஒரே ஆறுதலைப் பிடுங்குவானேன் என்று விட்டேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வழியில் உட்கார வைக்கக் கூடாது, நீட்டிப் படுக்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும், குலுங்கவே கூடாது. நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லி வைத்திருந்தேன். மனைவிதான், “எதுக்குங்க? அண்ணன் வண்டில மெத்தையே இருக்கே” என்றாள். அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. “எம் புள்ள வண்டிலயே போறேன்” என்றார். கீழே போய்க் கண்ணாடி இடைவெளி வழியாக மச்சானிடம் கேட்டேன். “நம்ம வண்டில தாராளமா கூட்டிட்டுப் போலாமே” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஆம்புலன்ஸை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அவரைப் பற்றி நினைத்ததையெல்லாம் அந்த நிமிஷம் வாபஸ் வாங்கிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதற்காகத்தான் இத்தனை வருஷமும் அந்தப் படுக்கையைச் சீவிச் சிங்காரித்து வைத்திருந்தார் போலிருக்கிறது என்றுகூடத் தோன்றியது.

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தோம். பின்கதவைத் திறந்து வைத்து, மச்சான் உள்ளே முட்டி போட்டிருந்தார். மெத்தையைச் சரிசெய்கிறார் என்று நினைத்தேன். புஸ்ஸென்று சத்தம் கேட்டது. மெத்தையின் காற்று மூடியைப் பிடுங்கியிருந்தார்.

“அண்ணா, என்ன பண்றீங்க?” என்றாள் மனைவி.

“மருந்து வாடை ஒட்டிக்கிச்சுன்னா போகவே போகாதும்மா. அப்புறம் எனக்குத் தூக்கம் வராது.”

“அம்மா எதுல படுக்கறது?”

“பலகை இருக்குல்ல? இடுப்புக்குக் கெட்டியான படுக்கதான் நல்லது. டாக்டரக் கேட்டுப் பாரு.”

“வெறும் பலகைல... நேத்துதான தையல் பிரிச்சாங்க! ரோடெல்லாம் பள்ளமா கெடக்கு!”

“மெதுவா ஓட்டறேன். இதோ இருக்கு வீடு.”

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். “விடுங்க மாப்பிள்ளை. அவன் படுக்கறது அது. நான் படுத்து வீணாகிடப் போகுது” என்றார். மனைவி தன் துப்பட்டாவை நாலாக மடித்துப் பலகையில் விரித்தாள். நானும் ஆஸ்பத்திரி ஆளும் தூக்கி வைத்தோம். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

மச்சான் இதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. வண்டியின் பானெட் மேல் மெத்தையைப் போட்டு, கொஞ்ச நஞ்சக் காற்றையும் உள்ளங்கையால் நீவி நீவி வெளியேற்றிக்கொண்டிருந்தார். ஓரம் பிசகாமல் சுருட்டி, நாடாவைக் கட்டினார். டிக்கியைத் திறந்து பார்த்தார். உள்ளே பெயிண்ட் டப்பாக்கள். மோந்து பார்த்துவிட்டு மூடினார். பிறகு மெத்தையை முன் இருக்கைக்குக் கொண்டுபோய், குழந்தையை உட்கார வைப்பது போல நிமிர்த்தி உட்கார வைத்து, வழியில் குலுங்காமலிருக்க பெல்ட்டை இழுத்து மாட்டினார்.