சான்றிதழைக் கேட்கச் சொன்னவர்

முதல் தடவை தொலைபேசியில் பேசியபோதே குளிர்சாதனம் பழுது பார்க்கும் இசபெல்லாமீது எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஏர்கோனில் தண்ணீர் ஒழுகுகிறது, குளிரவும் இல்லை, வந்து பாருங்கள் என்றேன். எப்போது வருகிறேன் என்று சொல்லாமல் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். அறையில் யார் படுக்கிறார்கள், வெயில் எந்தச் சுவரில் அடிக்கிறது, கடைசியாக யார் கை வைத்தார்கள், என்ன செய்தார்கள். பள்ளி அலுவலகத்தில் நாள் முழுக்கப் பெற்றோர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போனவள் நான். எனக்குப் பொறுமை கொஞ்சம்தான்.

"ஒழுகுற மெஷினுக்கு இவ்ளோ விசாரணையா அக்கா?" என்றேன்.

"சீக்காளி படுக்கற ரூம்னு சொல்லிட்டீங்க. அப்ப கேட்டுத்தான் ஆகணும் லா," என்றார்.

சீக்காளி என் அப்பா பத்துமலை. பீடோரில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் பிறகு கட்டிலைவிட்டு இறங்கவே இல்லை. மறுபடி விழுந்துவிடுவோம் என்ற பயம். யார் தொட்டாலும் கத்தினார். அம்மா வீரம்மா அதற்கு மேல் பயந்தார். படுத்தே கிடந்ததில் முதுகுக்குக் கீழே புண் வந்துவிட்டது. புண் துடைக்க வரும் கிளினிக் நர்ஸ், நாங்கள் மிஸ்ஸி என்போம், வியர்வை ஈரத்தில் இது ஆறாது, இப்படியே போனால் மறுபடி வார்டில்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். "அங்க போனா திரும்பி வரமாட்டேன்," என்று அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் சொன்னதை நான் நம்பினேன். அந்த அறை குளிர்ந்து உலர்ந்து இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அதற்கு முன் வந்தது சுங்காய் சித்தப்பாவின் மருமகன் சுரேன். கைப்பேசிக் கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏர்கோன். அவன் வரும்போதெல்லாம் கேஸ் குறைந்திருக்கிறது என்று நிரப்பிவிட்டுப் போவான். ரெண்டு நாள் குளிரும், பிறகு பழையபடி அப்பாவின் போர்வையில் சொட்டும். இவனுக்கு இந்த வேலை தெரியுமா என்று கேட்டால் அம்மா என் வாயை அடைப்பார். "ஒன் கல்யாணத்துல விடிய விடிய நின்னு வேலை செஞ்ச புள்ள. அவன்கிட்ட போயி படிச்சியான்னு கேப்பியா?" நம் ஆட்கள் எல்லாருக்கும் உள்ள வியாதி இது. காய்கறியை அழுத்திப் பார்த்து வாங்குவோம், சொந்தக்காரனை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்வோம்.

பக்கத்து ஊர் லகாட்டிலிருந்து வெள்ளை வேன் வந்து நின்றது. இறங்கியவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், தடித்த காலணி, தோளில் கருவிப் பை. நான் கேட்டைத் திறந்தும் இசபெல்லா உள்ளே வரவில்லை.

"என்கிட்ட ஒண்ணும் கேக்கலியே நீங்க?"

"என்ன கேக்கணும்?"

"சர்ட்டிபிகேட். எங்க படிச்சேன், கேஸ் எடுக்க எனக்கு அனுமதி இருக்கான்னு கேளுங்க. கேட்டாத்தான் உள்ள வாரேன்."

அம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "பாத்தா நல்ல பொண்ணாத்தான் தெரியுது. எதுக்கும்மா அதெல்லாம்?"

"நல்ல பொண்ணு வேற, வேலை தெரிஞ்ச பொண்ணு வேற ஆன்டி."

கழுத்தில் தொங்கிய அட்டையை நான் வாங்கிப் படித்து முடிக்கும் வரை நின்றார். உள் அறையிலிருந்து அப்பா சிரித்தது கேட்டது. அவர் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

இந்தப் பழக்கத்தின் கதையைப் பிறகு சொன்னார். தொழிற்கல்லூரியில் ஏர்கோன் வகுப்பில் இவர் ஒருவர்தான் பெண்ணாம். வேலைக்கு வந்த பிறகும் ஒவ்வொரு கேட்டிலும் "பாஸ் எங்க, ஆம்பள யாரும் வரலியா?" என்பார்களாம். கோபத்தில் சான்றிதழை நீட்டுவாராம். பிறகுதான் உறைத்ததாம், ஆம்பளைகளிடம் யாரும் எதையும் கேட்பதே இல்லை என்று. அன்றிலிருந்து, என்னைக் கேள், வருகிற எல்லாரையும் கேள் என்று வீடு வீடாகப் பாடம் நடத்துகிறார். வாய் அதிகம்தான். எனக்குப் பிடித்துப்போனது.

ஏணியில் ஏறி மூடியைக் கழற்றியவர் உள்ளே விரலை விட்டு எடுத்தார். விரல் கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. முகர்ந்து பார்த்தார்.

"எங்கப்பா ஆம்புரோஸ் சுங்காய் பக்கம் எஸ்டேட்ல ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடற கொட்டாயில வேலை செஞ்சாரு. அவரு சட்டை இப்படித்தான் ஒட்டும். ஆன்டி, நீங்க சாம்பிராணி போடுவீங்களா?"

வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா போடுவார். அப்பா விழுந்த பிறகு தினமுமே போட்டார். புகை வீணாகக் கூடாதென்று ஜன்னல்களை அடைத்து, நன்றாகப் பரவட்டும் என்று ஏர்கோனையும் ஓடவிட்டு, தூபக்காலைக் கட்டிலைச் சுற்றிக் காட்டுவார். அந்தப் புகையையெல்லாம் மெஷின் இழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டது. காற்று போக வழியில்லாமல் உள்ளே ஐஸ் கட்டி, அது உருகி, அப்பாமேல் சொட்டியது. அம்மாவின் முகம் செத்துவிட்டது. பிறகு நிமிர்ந்தார்.

"நான் நிறுத்தமாட்டேன். அவரு எந்திரிச்சு நடக்கணும்னு வேண்டிக்கிட்டுப் போடறேன். ஒங்க வேதத்துல இதெல்லாம் இல்லாம இருக்கலாம்."

மெஷின் பார்க்க வந்தவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் அப்பாவுக்கு வார்டுதான். இசபெல்லா ஏணியிலிருந்து இறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தச் சொல்ல நான் யாரு ஆன்டி? எங்க கோயில்லயும் பெரிய பூசைன்னா சாம்பிராணிதான். மெஷின் சுவிச்ச அடைச்சுட்டு ஜன்னலத் தொறந்து போடுங்க. பொக போன பொறகு சாத்துங்க. சாமிக்குத் தொறந்த ஜன்னல் ஒண்ணும் தடை இல்ல."

அடுத்துதான் சண்டை. கெமிக்கல் போட்டு மெஷினைக் கழுவ வேண்டும், மருந்துத் தண்ணீர் தெறிக்கும், அங்கிள் வெளியே வர வேண்டும் என்றார். சுரேன் என்றால் அப்பாமேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவிட்டு வேலை செய்வான். இசபெல்லா அதற்கு ஒப்பவில்லை. "ஆளு கீழ படுத்திருக்க நான் கழுவ மாட்டேன். வேற யாரையாச்சும் கூப்பிடுங்க," என்று பையை மூடிவிட்டார். அலமாரிக்குப் பின்னால் உறைகூடப் பிரிக்காமல் கிடந்த சக்கர நாற்காலியை நான் இழுத்து வந்தேன். அப்பா கத்தினார், எங்கள் இருவரையும் திட்டினார், என் தோளைக் கிள்ளினார். இசபெல்லா அவர் இடுப்பைப் பிடித்த பிடி விடவில்லை. எப்படியோ உட்கார வைத்து முன்வாசலுக்குத் தள்ளிப்போனோம்.

வெளிச்சத்தில் அப்பாவுக்குக் கண் கூசியது. பிறகு வேனைப் பார்த்தார்.

"பின் டயர்ல காத்து கம்மி. யாரு ஓட்டறது இத?"

"நான்தான் அங்கிள்."

"மெஷின் பாக்கறவ டயரப் பாக்கலியா?"

இசபெல்லா குனிந்து பார்த்து, சரிதான் என்று ஒப்புக்கொண்டார். வேலை முடியும் வரை அப்பா வாசலில் இருந்தார். தெருவில் போன ஒவ்வொரு லாரிக்கும் ஒரு குறை சொன்னார். சுரேன் அளவுக்கு மீறி அடைத்திருந்த கேஸை உருளையில் இறக்கி, நிறுத்துப் பார்த்து, சரியான அளவுக்குப் புதிதாக ஏற்றினார் இசபெல்லா. நான் சுரேனைத் திட்ட ஆரம்பித்ததும் தடுத்தார். "அவருக்கு மனசு இருக்கு. வேலையத்தான் யாரும் சொல்லிக் குடுக்கல. வகுப்பு இருக்கு, வந்து சேரச் சொல்லுங்க."

அறை குளிர்ந்தது. ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் எங்களைக் காப்பாற்றியது அது மட்டும் என்று நான் நினைக்கவில்லை. சாம்பிராணிக்கு ஜன்னலைத் திறந்து ஏர்கோனை நிறுத்தினால் புழுங்குகிற, புகைகிற அறையில் அப்பாவை விட முடியாது. ஆகவே தினமும் அம்மா தூபக்காலைப் பற்றவைக்கும்போது அப்பா வாசலுக்கு வர வேண்டியதாயிற்று. முதலில் திட்டிக்கொண்டே வந்தார். பிறகு கரி வாசனை வந்ததும் அவரே நாற்காலியைக் கேட்டார். புண் காய்ந்தது, வார்டுப் பேச்சை மிஸ்ஸி விட்டுவிட்டார். நாற்காலி போய், பிடித்து நடக்க நடைச்சட்டம் வந்தது. தன் சாம்பிராணிதான் அவரை எழுப்பியது என்கிறார் அம்மா. நான் மறுப்பதில்லை. ஜன்னலைத் திறக்கச் சொன்னது யார் என்பது எனக்குத் தெரியும்.

போன மாதம் சர்வீசுக்கு இசபெல்லா மறுபடி வந்தார். வேன் சத்தம் கேட்டதும் நான் கைகழுவிவிட்டு வருவதற்குள் அப்பா கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். நடைச்சட்டத்தை ஒவ்வொரு அடியாகத் தூக்கி வைத்து, வாசலைத் தாண்டி, கேட் வரைக்கும் தனியாகப் போனார். அம்மா ஓடப் பார்த்தார், நான் பிடித்துக்கொண்டேன்.

இசபெல்லா பையோடு கேட்டுக்கு வெளியே அசையாமல் நின்றார். அப்பா தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு, திறக்காமல் கேட்டார்:

"சர்ட்டிபிகேட் எங்க? காட்டு. அப்பறம் உள்ள வரலாம்."

இசபெல்லா கழுத்திலேயே தொங்கிய அட்டையைப் பைக்குள் தேடிக்கொண்டிருந்தார், கண்ணைத் துடைத்துத் துடைத்து.