மைக் செட் கடையின் நாவலர்

பத்து வயதில் எனக்கு நானே ‘நாவலர்’ பட்டம் கொடுத்துக்கொண்ட முட்டாள் நான். வேறு யாரும் கொடுக்க முன்வரவில்லை. நேற்று கோவை உக்கடத்தில் ஒரு கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்தக் கையில் கொடுத்த மைக்கில் துருவும் வெற்றிலையும் கலந்து மணக்க, நினைவில், கணபதி பகுதியில் சலீம் பாய் நடத்திய, இன்று இல்லாத மைக் செட் கடைக்குள் போய் நின்றேன். கூம்பு ஸ்பீக்கர்கள் தொங்க, சூடேறிய ஆம்ப்ளிஃபயரில் தூசி கருக, சாயங்காலக் கூட்டத்துப் பேச்சாளர்களின் ‘சொல்லின் செல்வர்’, ‘பேச்சுப் புயல்’ பட்டங்களையெல்லாம் பாய் மைக்கில் சொல்லிச் சோதிக்க, நான் பக்கத்தில் நின்று கேட்ட மதியங்கள் அவை.

அப்படியொரு மதியம், கடையைக் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்த கறாரான கட்டடக்காரர், பாயின் தணிந்த குரலுக்கு இளகி, “செரி, இன்னொரு வருசம் இருந்துக்கங்க பாய்” என்று முனகிய நேரம் பார்த்து, நான் மைக்கைப் பிடித்து, “வாடகையே வேண்டாமென்ற வள்ளலே!” என்று ஆரம்பித்தேன். வாசல் கூம்பு அதை ஊருக்கெல்லாம் சொல்ல, தெருவே கூடிச் சிரித்தது.

கட்டடக்காரர் எழுந்தார். “ஊரக் கூட்டிக் கேவலப்படுத்தறீங்களா? ஆடி முடிஞ்சதும் காலி பண்ணிப்போடுங்க.”

அவர் போனபிறகும் எனக்கு உறைக்கவில்லை. “நல்லாப் பேசுனனுங்களா பாய்?” என்றேன்.

பாய் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “நிறுத்துனது நல்லா இருந்துச்சு கண்ணு.”