முட்டை வடிவான தேர்ச் சில்லு

இதை எழுதுவதா விடுவதா என்று நாலைந்து வருடமாக யோசித்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்கு எழுதுவது பஞ்சிதான், சோம்பல்தான். ஆனால் தள்ளிப்போட்டதற்குக் காரணம் அது அல்ல. கனடாவில் இருக்கும் என் தங்கை இதைப் படித்துவிடுவாளோ என்ற பயம்.

எங்கள் கோப்பாய் வீட்டு அலுமாரியில் கோயில் திருவிழா, கலியாணம் என்று ஒரு தட்டு நிறைய டிவிடிகள் இருந்தன. பிளேயர் பழுதானதும் அவற்றைக் கொம்பியூட்டரில் ஏற்றத் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அது கேள்விமேல் கேள்வி கேட்டது. தரத்தைக் கூட்டினால் அனுப்ப முடியாத அளவு பெருத்தது. குறைத்தால் ஐயரின் முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. நடுவில் ஒன்றைப் பிடித்தேன். பிறகு அகலம். பழைய பெட்டி டீவிக்கு எடுத்த படங்கள். அப்படியே விட்டால் புது டீவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். “இஞ்சாருங்கோ, சுவாமி தேரிலை வரேக்கை உதென்ன ரெண்டு பக்கமும் கறுப்பு? செத்தவீட்டுக்குக் கொடி கட்டினமாதிரிக் கிடக்கு.”

“உது பழைய படத்தின்ரை அளவப்பா.”

“அளவெண்டாலும் பார்க்க நல்லாவே கிடக்கு?”

எனக்கும் மனம் ஒப்பவில்லை. ‘திரையை நிரப்பு’ என்பதை அழுத்தினேன். கறுப்பு மறைந்தது. வட்டச் சக்கரமாக இருந்த தேர்ச் சில்லு முட்டைபோல உருண்டது, தவில் பூசணிக்காய் ஆனது. கமராக்காரர் நின்ற கோணம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தேருக்குப் பின்னால்தான் அம்மா கற்பூரச்சட்டி ஏந்திப் போகிறா. அடுத்த வருடம் காலமாகிவிட்டா. அதற்கு முன்பே, அம்மா எலும்பும் தோலுமாக நின்ற ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டுத் தங்கை போன் எடுத்துக் கேட்டிருந்தாள்: “அண்ணை, அம்மாவுக்குச் சோறு போடுறனீங்களோ?” வெள்ளிக்கு ஒரு நேரம், கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணீர் மட்டும் என்று அம்மா பிடித்த விரதங்களைச் சொன்னேன். நம்பவில்லை. அதோடு கதைப்பதையும் விட்டுவிட்டாள்.

ஆனாலும் அம்மா வரும் தேர்ப் படமாயிற்றே என்று தங்கைக்கு அனுப்பிவைத்தேன். மூன்றாம் நாள் அழுதுகொண்டு போன் எடுத்தாள்.

“அண்ணை, அம்மா நல்ல கொழுகொழுவெண்டு நடந்து போறா. நான் ஒரு போட்டோவைப் பார்த்திட்டு உங்களைப் பழி சொல்லிப்போட்டன். ஐயரும் நல்லா உடம்பு வைச்சிட்டார். அந்த வருஷம் ஊரே செழிப்பாய் இருந்திருக்கு.”

அப்போதுதான் அந்த முட்டைச் சில்லு எனக்கு விளங்கியது. திரையை நிரப்ப இழுத்ததில் சில்லோடு அம்மாவும் அகன்றுபோயிருந்தா. சொல்ல வாய் திறந்தேன். “அடுத்த மாசம் வாறன், உங்களோடைதான் நிற்பன்” என்றாள். வாயை மூடினேன்.

வந்தாள். இரண்டு கிழமை, பதினாலு நாளும், எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். “உந்தக் கையாலை சாப்பிட்டால் அம்மா கொழுக்காமல் என்ன செய்வா?” என்று மனைவியைப் புகழ்ந்தாள். மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தங்கை திரும்பிப் போனபின் மனைவி சொன்னாள்: “விடுங்கோ. பழி சொன்னதும் படத்தைப் பார்த்துத்தான், மன்னிச்சதும் படத்தைப் பார்த்துத்தான்.”

என்னால் விட முடியவில்லை. செய்யாத குற்றத்துக்குப் பழி கேட்டபோது முருகன் முன்னால் நிமிர்ந்து நின்றவன், மன்னிப்புக் கிடைத்தபின் தலைகுனிந்து நிற்கிறேன். அம்மா மெலிந்திருந்ததும் உண்மை, நாங்கள் சோறு போட்டதும் உண்மை. இரண்டும் சேர்ந்து ஒரு படத்துக்குள் வரவில்லை.

இப்போது அந்தத் தேர்ப் படத்தைக் கறுப்புப் பட்டையோடு திரும்ப மாற்றியிருக்கிறேன். அம்மா மெலிந்தேதான் போகிறா. இந்த எழுத்தோடு அதையும் தங்கைக்கு அனுப்புகிறேன். வாசிக்கிற நீங்களும் யாருக்காவது இந்த எழுத்தைக் கொடுத்தால் இருந்தபடியே கொடுங்கள். இரண்டு பக்கமும் வெறுமையாகத் தெரிந்தாலும் இழுத்து நிரப்ப வேண்டாம்.